இஸ்மேனியா கொலை செய்யவில்லை

எடில்ஸா தைத்த ஜீன்ஸ் பாக்கெட்டுகளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. பாக்கெட் பாக்கெட்டாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் டிவியின் எட்டு மணித் தொடரில் எவள் நல்லவள், எவள் கெட்டவள், எவன் எவளுடைய காணாமல் போன அண்ணன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பழைய ரயிலடித் தெருவில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

பெர்னாம்புகோ மாநிலத்தின் அந்த வறண்ட ஊரில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடும். விடிந்ததிலிருந்து கடகடத்துக்கொண்டிருக்கும் மெஷின்கள் எல்லாம் எட்டு அடித்ததும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் நிற்கும். எடில்ஸாவின் முன்னறையில் மூன்று மெஷின். ஒன்றில் அவள் பாக்கெட் வைப்பாள். இன்னொன்றில் அவளுடைய அக்கா இவனீஸ் இடுப்புப் பட்டி தைப்பாள். மூன்றாவது பழுதாகி வருஷம் நாலாகிறது, அதன் மேல்தான் டிவி. எதிர்வீட்டு சலேத்தே நூல் பிசிறு வெட்ட வருவாள். அவளுடைய கத்தரிக்கோலைவிட அவள் வாய் அதிகம் வெட்டும்.

எடில்ஸா நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தொடர்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்திருந்தால் அவள்தான் அதற்குத் தலைமையாசிரியை. இருபது வருஷத்தில் ஒரு அத்தியாயத்தைக்கூட விட்டதில்லை. தன் கல்யாண விருந்தையே எட்டு மணிக்குள் முடித்து, மாப்பிள்ளை வீட்டாரையும் சேர்த்து டிவி முன்னால் உட்கார வைத்தவள். பார்த்துப் பார்த்தே சில விஷயங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். முதல் வாரத்தில் எவள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாளோ, அவள்தான் கடைசி வாரத்தில் பெரிய மேசையில் நடுநாயகமாக உட்காருவாள். எவனாவது கடிதத்தைக் கிழித்தால் வேலைக்காரி குப்பைத் தொட்டியிலிருந்து அதைப் பொறுக்கி வைத்திருப்பாள். கார் ஓட்டுகிறவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் அவன் சும்மா கார் ஓட்ட வந்தவன் இல்லை. யாராவது "நான் சந்தோஷமா இருக்கேன்" என்று கடலைப் பார்த்துச் சொன்னால் அவருக்கு இன்னும் மூன்று நாள்தான்.

"கதையும் ஜீன்ஸும் ஒண்ணுதான்" என்பாள் பாக்கெட்டை மெஷினுக்கடியில் தள்ளிக்கொண்டே. "துணிய வெட்டும்போதே எது முன்பக்கம், எது பின்பக்கம்னு முடிவாயிடும். தைக்கறப்போ உக்காந்து மாத்தினா மாட்டிக்கறவன் தலைகீழாத்தான் நடக்கணும்."

இதெல்லாம் பொழுதுபோக்குப் பேச்சு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த ஊரில் பிள்ளைகளுக்குத் தொடரிலிருந்து பெயர் வைப்பது வழக்கம். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே எந்த வருஷம் எந்தத் தொடர் ஓடியது என்று சொல்லிவிடலாம். தொடரோ எட்டு மாதம் ஓடும். பிள்ளை பிறந்தால் அதுவரைக்கும் பெயர் இல்லாமல் வைத்திருக்க முடியாது. ரொட்டிக்கடை ஜோவினோ ஒரு தடவை எடில்ஸாவைக் கேட்காமல், மிடுக்காக இருக்கிறானே என்று ஒரு வங்கி மேனேஜர் பாத்திரத்தின் பெயரைத் தன் மகனுக்கு வைத்தான். ஆறாவது வாரம் அந்த மேனேஜர் வங்கியையே சுருட்டிக்கொண்டு, கூடவே தன் தம்பி பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு ஓடிப்போனான். ஜோவினோவின் மகனைத் தெருவே "மேனேஜர்" என்று கூப்பிட ஆரம்பித்தது. அதற்கப்புறம் கர்ப்பிணிகள் எல்லாரும் எடில்ஸாவிடம் வந்து, "அக்கா, இந்தப் பேரு தாங்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பதிவாளரிடம் போனார்கள். அவள் தேர்ந்து கொடுத்த பதினான்கு பெயரில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

அவளுக்கே ஒரு பெண் பிறந்தபோது கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. வயது முப்பத்தைந்து. இனி இல்லை என்று விட்டிருந்த நேரத்தில் வந்த பிள்ளை. "உப்புக் காற்று" என்கிற புதுத் தொடர் தொடங்கி நான்காவது வாரம்.

அவளுடைய கணவன் ஜெனிவால் லாரி ஓட்டுகிறவன். ஜீன்ஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாயா, சியாரா என்று வெளி மாநிலங்களில் சந்தை சந்தையாகப் போய் இருபது நாளைக்கு ஒரு முறை வீடு திரும்புவான். சாது. அதிகம் கேட்கத் தெரியாதவன். அவன் வாழ்க்கையில் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று: முந்தின வருஷம் இறந்துபோன தன் அம்மா கித்தேரியாவின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க வேண்டும்.

"உங்கம்மாவ எனக்குப் புடிக்கும். அது வேற" என்றாள் எடில்ஸா. "அந்தப் பேர்ல ஒருத்தி ஏற்கனவே வாழ்ந்து முடிச்சாச்சு. அதுவும் எப்பேர்ப்பட்ட வாழ்க்கை? தண்ணி சுமந்தே முதுகு ஒடிஞ்சு போனா. பதினோரு வருஷம் காத்திருந்து பெத்திருக்கேன் ஜெனிவால். எம்பொண்ணுக்குப் புதுசா ஒரு தலையெழுத்து வேணும்."

"அது யாரு பேரு, தொடர்ல வர்ற அந்த உப்பளத்துக்காரியா?"

"இஸ்மேனியா. கடைசியில அந்த மாளிகையே அவ கைக்குத்தான் வரும். எழுதி வெச்சுக்க. நான் சொல்லி எதாவது தப்பியிருக்கா?"

"இல்ல" என்றான் ஜெனிவால். அதுதான் உண்மை. அவனே போய்ப் பதிவாளரிடம் அந்தப் பெயரைச் சொன்னான். எப்படி எழுதுவது என்று பதிவாளர் கேட்கவில்லை, அவரும் தொடர் பார்க்கிறவர்தான்.

எடில்ஸா சொன்னதில் நியாயம் இருந்தது. இஸ்மேனியா முதல் அத்தியாயத்திலேயே வெடித்த பாதங்களோடு உப்புப் பாத்தியில் நின்றாள். இரண்டாம் நாள் தியோதோனியோ என்கிற உப்பள முதலாளியின் மாளிகைக்குச் சமையல்காரியாக வந்தாள். மூன்றாம் நாள் நின்றுகொண்டே சாப்பிட்டாள், அதையும் பாதியில் ஒரு பிச்சைக்காரிக்குக் கொடுத்தாள். இதைவிட ஒருத்திக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடில்ஸா சந்தைக்குப் போனால் காய் விற்கிறவர்கள் எழுந்து வந்து கொஞ்சினார்கள். "எங்க மகாராணி இஸ்மேனியா வந்தாச்சு" என்று மாம்பழம் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதம்தான் எடில்ஸா தன் வாழ்நாளில் தலையை நிமிர்த்தி நடந்த மாதங்கள் என்று சொல்லலாம்.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் எடில்ஸா சறுக்கவில்லை, அவள் காலடியிலிருந்த தரையை ரியோவில் உட்கார்ந்துகொண்டு எவனோ இழுத்தான். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பிப்ரவரியில் தொடர் பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்களாம். அதற்குச் சான் பாவ்லோவில் ஒரு அறையில் பத்துப் பெண்களை உட்கார வைத்து, காப்பியும் பிஸ்கோத்தும் கொடுத்து, யாரைப் பிடிக்கிறது, யாரைப் பிடிக்கவில்லை என்று கேட்டார்களாம். அந்தப் பத்துப் பேரும் சொல்லி வைத்தாற்போல், "இஸ்மேனியா நல்லவதான், ஆனா சப்புனு இருக்கா" என்றார்களாம். முதலாளியின் மகள் தொராலீஸ் என்று ஒரு கொடுமைக்காரி உண்டு, பிச்சைக்காரியின் தட்டை எட்டி உதைத்தவள். அவளை எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். பேருந்து நிலையத்துப் பத்திரிகைக் கடையில் தொங்கிய வார இதழில் இத்தனையும் வந்திருந்தது. சலேத்தே வாங்கிவந்து உரக்கப் படித்தாள்.

"பத்துப் பேரா?" என்று கேட்டாள் எடில்ஸா. மெஷினை நிறுத்திவிட்டாள். "நாடு பூரா உக்காந்து பாக்குது. பத்துப் பொம்பளைங்க பிஸ்கோத்து தின்னுட்டு முடிவு பண்றதா? நல்லவ சப்புனுதான் இருப்பா. சோறு சப்புனுதானே இருக்கு, அதுக்காகச் சோத்த விட்டுட்டு மிளகாய மட்டும் திம்பாங்களா?"

"என்கிட்ட ஏன் கத்துற? நானா பிஸ்கோத்து தின்னேன்?" என்றாள் சலேத்தே.

அடுத்த மாதம் உப்பள முதலாளி தியோதோனியோ காப்பியில் விஷம் வைத்துக் கொல்லப்பட்டார். யார் கொன்றது என்று நாடே கேட்க ஆரம்பித்தது. ரொட்டிக்கடையில், கோயில் வாசலில், பல் பிடுங்கும் இடத்தில்கூட அதே கேள்வி. எடில்ஸா தொராலீஸ்தான் என்றாள், தெருவும் தொராலீஸ்தான் என்றது. ஆனால் ஞாயிறு தினசரியில் வரப்போகும் வாரத்துக் கதைச் சுருக்கம் வரும். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி இருந்தது: "புதன்: இஸ்மேனியா ஒரு சின்னப் பாட்டிலை உப்புக் குவியலுக்குள் ஒளித்து வைக்கிறாள்."

ஞாயிறன்று தெரிந்துவிட்டது. ஆனால் புதன்வரை காத்திருக்க வேண்டும். திங்கள் இரவு இஸ்மேனியா சிரித்தபடி சூப் கிண்டினாள், செவ்வாய் இரவு சாமி கும்பிட்டாள். "அம்மா தாயே, அந்தப் பாட்டிலத் தொடாத" என்று எடில்ஸா திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை அவள் தொட்டாள், ஒளித்தாள். பேப்பரில் போட்டபடியே நடந்தது. வரப்போவது தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறு இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவள் வாசலுக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். ஆனாலும் சலேத்தே பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தால் படிக்காதே என்று சொல்ல அவளால் முடியவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முதலில் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார்கள். ரொட்டிக்கடை ஜோவினோவுக்குப் பழி தீர்க்க நல்ல சந்தர்ப்பம்.

"என்னம்மா எடில்ஸா, காப்பி குடிக்கறியான்னு கேக்காத. உம்பொண்ணு இருக்கற வீட்ல நான் பச்சத் தண்ணிகூடத் தொட மாட்டேன்" என்றான். கடையிலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எடில்ஸாவும் சிரித்து வைத்தாள். ஏப்ரலில் காய்க்காரி பிள்ளையைக் கொஞ்சவில்லை, கன்னத்தை மட்டும் கிள்ளிவிட்டுச் சட்டென்று கையைத் துடைத்துக்கொண்டாள். அதையும் எடில்ஸா பார்த்தாள். மே மாதம் சொந்த அக்காவே ஆரம்பித்தாள். இவனீஸ்தான் ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்கப்போகிறவள்.

"எனக்கு ஒண்ணுமில்லடி" என்றாள் இவனீஸ், இடுப்புப் பட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாதர் பேரு என்னன்னு கேப்பாரு. கோயில்ல அத்தன பேரு முன்னால நான் அந்தப் பேரச் சொல்லணும். அதான் யோசிக்கறேன்."

"எந்தப் பேர? பேருக்கென்ன கேடு?"

"கொலகாரி பேருன்னு எல்லாரும் சிரிப்பாங்க."

"அவ கொல பண்ணல."

"பாட்டில ஒளிச்சா இல்ல?"

"ஒளிச்சா. கொல பண்ணல" என்றாள் எடில்ஸா. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பண்ணியிருக்க முடியாதுக்கா. அன்னிக்கு அவ ஊர்லயே இல்ல."

அவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. முதலாளி செத்தது ஒரு வியாழக்கிழமை அத்தியாயம். அன்று பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுக் காய்ச்சல், மடியைவிட்டு இறங்கவில்லை. அன்றைக்கு இஸ்மேனியா சாயங்காலமே படகேறி எதிர்த் தீவுக்குப் போனாள், படகுக்காரனின் மனைவிக்குப் பிரசவ வலி. தன் கையாலேயே தொப்புள் கொடியை அறுத்தாள். எடில்ஸா அதைப் பார்த்துத் தன் பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை முதல் படகில் இஸ்மேனியா கரைக்கு வந்தபோதுதான் முதலாளி இரவு காப்பி குடித்துச் செத்துப்போன செய்தி வந்தது. தீவிலிருந்தவள் எப்படிக் காப்பியில் விஷம் கலப்பாள்?

சலேத்தே கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஆமா இல்ல? படகு... ஆமா, குழந்தை பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள."

"பொட்டப் புள்ள" என்றாள் எடில்ஸா. "அதான் சொல்றேன். எழுதறவரு நம்மள வேணும்னே திசைதிருப்பறாரு. கடைசி வாரத்துல படகுக்காரன் வந்து சாட்சி சொல்லுவான். பாத்துக்கிட்டே இரு."

ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. படகுக்காரனாக நடித்தவன் ஏப்ரலிலேயே தொடரைவிட்டுப் போயிருந்தான். அவன் மீன் பிடிக்கத் தெற்கே போய்விட்டதாக யாரோ ஒரே ஒரு வசனம் சொன்னார்கள், அவன் மனைவியையும் பிள்ளையையும் பற்றி அதுகூடச் சொல்லவில்லை. எழுதுகிறவர் மறந்தே போய்விட்டாரோ என்னவோ. தினம் ஒரு அத்தியாயம் எழுதுகிறவர், பாவம், அவருக்கும் தலைக்கு மேல் வேலை இருக்கும். ஞாபகப்படுத்தினால் கேட்காமலா போவார்? எடில்ஸா ஜீன்ஸுக்கு அளவு வரைகிற பழுப்புக் காகிதத்தில் ஒரு துண்டு வெட்டி, ஒரு ஞாயிறு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து எழுதினாள்.

"மதிப்புக்குரிய ஐயா, தங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதலாளி இறந்த இரவு இஸ்மேனியா தீவில் இருந்தாள். தாங்களே எழுதியதுதான். பெண் குழந்தை பிறந்தது. படகுக்காரனைத் தெற்கிலிருந்து கூப்பிட முடியாவிட்டால் அவன் மனைவியைக் கூப்பிடுங்கள், அவளுக்கும் தெரியும். என் மகளுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறேன். ஆறு மாதக் குழந்தை. தயவு செய்து பார்த்துச் செய்யவும்."

மூன்று வாரம் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே இஸ்மேனியாவாக நடித்தவளின் புகைப்படம், கீழே அச்சடித்த கையெழுத்து. "அன்பு முத்தங்களுடன்." வேறொன்றும் இல்லை. எடில்ஸா உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தாள்.

ஜூனில் ஜெனிவால் திரும்பி வந்தான். தொடர் முடிய இரண்டு வாரம் இருந்தது. அவன் கோபமாக வந்திருந்தால் எடில்ஸா எதிர்த்துப் பேசியிருப்பாள், அவளுக்கு வாய் இல்லாமல் இல்லை. அவன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துத்தான் பேசினான்.

"சியாராவுல ஒரு பெட்ரோல் பங்க்ல எல்லாரும் தொடரப் பத்திப் பேசிட்டிருந்தாங்க. உனக்குப் புள்ள பொறந்திருக்கே, பேரு என்னன்னு கேட்டாங்க" என்றான். "நான் கித்தேரியான்னு சொல்லிட்டேன், எடில்ஸா."

"சொந்தப் பொண்ணு பேர மறைச்சியா?"

"வெக்கமாப் போச்சு. என்ன பண்ணச் சொல்ற?" பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தான். "பதிவுல இருக்கறத மாத்த முடியாதாம். பதிவாளர்கிட்டக் கேட்டுட்டேன். பதினெட்டு வயசானதும் அவளே கோர்ட்டுக்குப் போனாத்தான் உண்டாம். கோயில்ல இன்னும் பேரு வைக்கலயே. கோயில்ல அம்மா பேர வெச்சுடலாம். வீட்லயும் அப்படியே கூப்புட்டுப் பழகிடலாம்."

எடில்ஸா அன்றைக்கு அழவில்லை. கெஞ்சினாள். கடைசி அத்தியாயம் வரைக்கும் பொறு, மூன்று விதமான முடிவைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்களாம், நடிக்கிறவர்களுக்கே எது வரும் என்று தெரியாதாம், இதழில் போட்டிருக்கிறது என்றாள். இஸ்மேனியா நிரபராதி என்று வந்தால் பெயர் நிற்கட்டும். இல்லையென்றால் கித்தேரியாதான், அதற்கப்புறம் நான் அந்தப் பேரை வாயால் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். ஜெனிவால் ஒத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை தொடர் முடிகிறது, ஞாயிறு ஞானஸ்நானம்.

வெள்ளிக்கிழமை பாதித் தெரு அவள் முன்னறையில்தான் இருந்தது. உட்கார இடமில்லாமல் ஜீன்ஸ் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஜோவினோகூட வந்தான். இவனீஸ் சோளப் பணியாரம் கொண்டுவந்தாள், யாரும் தொடவில்லை.

தீவு வரவில்லை. படகுக்காரன் வரவில்லை, அவன் மனைவி வரவில்லை. உப்புப் பாத்தியின் நடுவில் இஸ்மேனியா வெள்ளைப் புடவைபோல் நீண்ட ஒரு உடுப்பில் நின்றாள். போலீஸ் அதிகாரி கேட்டார். "ஆமா, நான்தான் கொன்னேன். காப்பியில கலந்தேன். அவர் குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாத்தேன்" என்றாள். எப்படிக் கலந்தாள் என்று படமாகவே காட்டினார்கள். அந்த இரவு, அந்தச் சமையலறை, அந்தக் கோப்பை. பிறகு தொராலீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாளிகைப் படியேறினாள், பெரிய மேசையின் நடுவில் உட்கார்ந்தாள். முடிந்தது.

"பொய்!" என்று எடில்ஸா கத்தினாள். "அன்னிக்கு அவ தீவுல இருந்தா! கொடிய அறுத்தா! நான் பாத்தேன்! சலேத்தே, நீயும் பாத்தே, சொல்லு!"

சலேத்தே எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். "இருந்த மாதிரிதான் இருக்கு... ஆனா அது வேற நாளோ என்னமோ" என்றாள்.

"வியாழக்கிழம! எம்புள்ளைக்குக் காய்ச்சல்!"

"எழுதினவரே சொல்லிட்டாரும்மா" என்றான் ஜோவினோ. இந்தத் தடவை கேலி இல்லை அவன் குரலில், அதுதான் இன்னும் மோசம். "அவளே ஒத்துக்கிட்டா. அவ வாயாலயே சொல்லிட்டா. நீ எதுக்கு வக்காலத்து வாங்கற?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எல்லாரும் பணியாரத்தைத் தின்றுவிட்டுக் கலைந்து போனார்கள். நாட்டில் எத்தனை கோடிப் பேர் அந்த வியாழக்கிழமையைப் பார்த்தார்களோ, அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள். எழுதியவன் மறந்தான், நடித்தவளும் மறந்துவிட்டு ஒப்புக்கொண்டாள். எடில்ஸா ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் சொன்னால் கேட்க இந்த உலகத்தில் ஒரு இடம் இல்லை. எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? எந்தப் போலீஸிடம் போய் ஐயா, டிவியில் ஒரு அப்பாவியைப் பிடித்துவிட்டார்கள் என்பாள்?

ஜெனிவால் எழுந்தான். பிள்ளையைத் தூக்கித் தொட்டிலில் போட்டான்.

"நாளைக்கும் இருக்கு" என்றாள் எடில்ஸா.

"என்ன நாளைக்கு?"

"சனிக்கிழம கடைசி அத்தியாயத்த மறுபடி போடுவாங்க இல்ல? மூணு முடிவு எடுத்திருக்காங்க ஜெனிவால். இன்னிக்கு ஒண்ணு போட்டாங்க. தப்புனு தெரிஞ்சு நாளைக்கு வேற போட்டாலும் போடுவாங்க. கடைசி அத்தியாயம்னுதானே நாம பேசினோம்? நாளைக்குப் போடறதும் கடைசி அத்தியாயம்தான்."

ஜெனிவால் அவளைப் பார்த்தான். சிரித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். "சரி" என்றான்.

சனிக்கிழமை தெருவில் யாரும் டிவி போடவில்லை. புனித யோவான் திருநாள் இரவில் தெருவில் மூட்டும் நெருப்புக்கு விறகு அடுக்கப் போய்விட்டார்கள், எட்டு மணிக்கும் இரண்டு மூன்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எடில்ஸா தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். ஜெனிவால் பக்கத்தில் உட்கார்ந்தான். நேற்று வந்த அதே வரிசையில் எல்லாம் வந்தது. எடில்ஸா விடவில்லை. போலீஸ் அதிகாரி கேட்டதும் முன்னால் சாய்ந்து, "சொல்லும்மா, தீவுல இருந்தேன்னு சொல்லு. பயப்படாம சொல்லு" என்றாள். இஸ்மேனியா வாயைத் திறந்தாள். "ஆமா, நான்தான் கொன்னேன்."

ஜெனிவால் எழுந்து டிவியை அணைத்தான். எடில்ஸா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தோளில் கை வைத்தான்.

ஞாயிறு காலை கோயிலில் ஆறு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். இவனீஸ் ஞானத்தாயாகப் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள், இப்போது அவளுக்குத் தயக்கம் எதுவும் இல்லை. பாதர் பெயர் கேட்டார். "கித்தேரியா" என்று ஜெனிவாலே சொன்னான், அம்மா பெயரைச் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. அதைப் பார்க்க எடில்ஸாவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. அவன் மேல் என்ன குற்றம்?

தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டது. இவனீஸ் குலுக்கினாள். "கித்தேரியா, கித்தேரியா, அழக் கூடாது" என்றாள். ஜெனிவால் வாங்கிக்கொண்டு, "கித்தேரியா, இங்க பாரு, அப்பாவப் பாரு" என்றான். ஏழு மாதக் குழந்தை. எழு என்றால் தெரியாது, உட்கார் என்றால் தெரியாது. ஆனால் அதற்கு ஒரே ஒரு சொல் தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டால் எந்த அழுகையிலும் சட்டென்று நிறுத்தித் திரும்பிப் பார்க்கும். கோயிலில் அத்தனை பேர் கூப்பிட்டும் அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. பிள்ளை முகத்துக்கு முகம் தேடித் தேடி அழுதது.

"நீ வாங்குடி" என்று சலேத்தே அவள் காதோரம் சொன்னாள். "ஒரே ஒரு தடவ கூப்புடு. யார் காதுலயும் விழாது. அடங்கிடும்."

எடில்ஸா பிள்ளையை வாங்கினாள். அது அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வாயையே பார்த்தது. பெயர் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஜெனிவால் எதிரில் நின்றான், கண்ணில் இன்னும் ஈரம். வாக்குக் கொடுத்தவள் அவள். இன்னொரு பெயரால் கூப்பிடவும் அவளுக்கு நாக்கு எழவில்லை.

"மகளே" என்றாள். "மகளே, மகளே, மகளே."

பிள்ளை நிறுத்தவில்லை. கோயில் படியிறங்கி, விறகு அடுக்கிய தெருக்களைத் தாண்டி வீட்டு வாசல் வரைக்கும் அழுதுகொண்டே வந்தது, அவளும் அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் பதிவாளரின் புத்தகத்தில் ஒரு பெயரும் கோயில் புத்தகத்தில் ஒரு பெயருமாக அந்தப் பெண் வளர்ந்தாள். அவளைப் பெற்றவள் மட்டும் கடைசிவரை எந்தப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.